பிரேக் சார் வீட்டம்மாவுக்கு வாங்கிய பாலிஷ்

பிரேக் சாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் போகப்போக அவருடைய வீட்டம்மாவைப் பற்றி நிறையப் பேச்சு வரும். அந்த வீட்டம்மா மாநிறம். பேங்கில் வேலை. அடிக்கடி சளி பிடிக்கும். நகப் பாலிஷ் என்றால் உயிரையே விடுவார். இவ்வளவு விவரம் இருக்கிறது, ஆள்தான் கிடையாது.

பிரேக் சார் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஸ்கூல் காரில் ஓட்டுகிறவர் காலடியில் எல்லாக் கார்களிலும் இருப்பது போல மூன்று பெடல். பக்கத்து சீட்டில் இவர் காலடியில் ஒன்றே ஒன்று, பிரேக். முன்னால் போகிற சைக்கிளைப் பார்த்துப் பதறி மாணவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், இவர் பிரேக்கை மிதிப்பார், சைக்கிள்காரர் ஒன்றும் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு போய்விடுவார். மாணவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் அவர் வலது கால் தரையை அழுத்தும். அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

காரின் டாஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. "பயப்படாதீர்கள். சாருக்கும் பிரேக் இருக்கிறது." ஸ்கூல் முதலாளி எழுதி ஒட்டியது. அந்த முதலாளிக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. காரில் விழும் நசுங்கல் எதையும் அவர் தட்டி எடுக்கமாட்டார். "ஒண்ண எடுத்தா அந்த எடத்துல இன்னொண்ணு வரும். இருக்கட்டும், முதல்ல எடம் நிரம்பட்டும்" என்பார். அதனால் அந்த வெளிர்மஞ்சள் கார், சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஊரைச் சுற்றி வந்தது. எந்தக் குழி யார் போட்டது என்று பிரேக் சாரைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். முன் கதவில் இருப்பது பல் டாக்டர். பம்பர் மூலை, ரிட்டயரான கணக்கு வாத்தியார். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு கல்யாணப் பெண், மெஹந்தி காய்வதற்குள் ஸ்டியரிங் பிடித்தவர்.

இனி அவருடைய இன்னொரு உலகம். அது மாடி பால்கனியில், பழைய தையல் மெஷின் மேஜைமேல் இருக்கிறது.

பொம்மைக் கடையில் உள்ளங்கை அளவு உலோகக் கார் விற்கிறார்களே, அதை வாங்கிவந்து பிரித்து, தன் இஷ்டப்படி மாற்றிச் செய்வதுதான் பிரேக் சாரின் பைத்தியம். காரைக் கவிழ்த்துப் போட்டால் அடியில் இரண்டு ஆணித் தலை தெரியும். அதைச் சின்ன டிரில்லால் குடைந்தால் கார் இரண்டாகக் கழன்று வரும். மேல்கூடு தனி, அடித்தட்டு தனி, நடுவில் சீட்டும் கண்ணாடியும். கூட்டை மட்டும் பெயிண்ட் கரைக்கும் திரவத்தில் போட்டு மூடி வைத்தால், கொஞ்ச நேரத்தில் பழைய பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பும். அந்தச் சுருக்கத்தைப் பார்க்கும்போது அவருக்குள் ஒரு கிச்சுகிச்சு ஓடும். பிறகு தேய்த்துக் கழுவி, புதுப் பெயிண்ட் அடித்து, வேறு சக்கரம் மாட்டி, தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி எடுக்கும் பொடி ஸ்டிக்கர்களை ஒட்டி, கடைசியில் ஆணிக்குப் பதில் ஒரு குட்டி ஸ்குரூ போட்டு மூடுவார்.

இதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அவரிடம் படித்து டெஸ்ட்டில் தேறுகிற ஒவ்வொருவருக்கும் ஸ்கூல் காரின் பொடி உருவம் ஒன்று செய்து கொடுப்பார். மேலே போர்டு, முன்னும் பின்னும் எல் எழுத்து, டாஷ்போர்டு ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். இவர் பக்கத்து பிரேக்கும்கூட இருக்கும், ஸ்டேப்ளர் பின்னை வளைத்துச் செய்தது. முக்கியமாக, அவரவர் போட்ட நசுங்கல் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் குழி விழுந்துவிடும் என்று நினைப்பீர்கள். விழாது. அந்த உலோகம் நசுங்குகிற ஜாதி இல்லை, அடித்தால் உடைந்துதான் போகும். ஆகவே குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். நிஜக் காரில் அரை நொடியில் விழுந்த குழிக்கு இங்கே ஒரு வாரம் ஆகும். பல் டாக்டர் தன்னுடைய குழியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து வருகிற நோயாளிக்கெல்லாம் காட்டுகிறாராம்.

வீட்டம்மா எப்படி வந்தார் என்று இப்போது சொல்லலாம்.

பொடிக் கார்களுக்குப் பொடி அளவில் பெயிண்ட் வேண்டும். விதவிதமான நிறம், மினுமினுப்பு, பாட்டில் மூடியிலேயே பிரஷ். நகப் பாலிஷைவிட வசதி வேறு எதுவும் கிடையாது. கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. அதை நடத்துகிறவர் முப்பதைத் தாண்டாத ஒரு பெண். அம்மாவும் அவருமாக இருந்தார்கள். ஊரே அவரை ஃபேன்சி மேடம் என்றுதான் கூப்பிடும். முதல் முறை பிரேக் சார் உள்ளே போய், பாலிஷ் வரிசையைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தபோது, அந்த மேடம் கேட்டார்:

"வீட்டம்மாவுக்கா சார்?"

அந்த நேரம் பார்த்து பின்னால் இவரிடம் படிக்கும் இரண்டு காலேஜ் பெண்கள் கிளிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொம்மைக் காருக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையை ஆட்டிவிட்டார். அவ்வளவுதான், ஒரே ஒரு ஆட்டல்.

அடுத்த முறை, "கை நல்ல நிறமா, மாநிறமா? அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துத் தரேன்" என்று கேள்வி வந்தது. மாநிறம் என்றார். அதற்கடுத்த முறை தார் ரோடு மாதிரி ஒரு கறுப்பை எடுத்தபோது, "இத ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா? எங்க வேல பாக்குறாங்க?" என்று கேட்டார். பேங்க் என்றார். ஈரச் சிமெண்ட் நிறத்தை எடுத்தபோது மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்டம்மாவோட ரசனை ரசனைதான். இந்தக் கலரத் தொடுற தைரியம் இந்த ஊர்ல வேற எந்தக் கைக்கும் கிடையாது. ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், பாக்கணும் போல இருக்கு."

"அவளுக்குச் சளி."

மழைக்காலம் முடிந்தது. வெயில் வந்தது. சளி போகவில்லை. மேடம் ஆவி பிடிக்க மாத்திரை கொடுத்தார். கைக்கு க்ரீம் கொடுத்தார். "இது புதுசா வந்திருக்கு, அவங்க போட்டுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க" என்று ஒரு உதட்டுச் சாயம் கொடுத்தார். எல்லாவற்றையும் அக்கா பூசிக்கொண்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு வந்த க்ரீம் ரொம்ப நல்லாருக்குடா. தீந்துபோச்சுன்னு சொல்லு" என்றாள்.

"அக்கா, வெளையாடாத. நான் எப்படி இதுலேருந்து வெளிய வர்றதுன்னு தெரியாம இருக்கேன்."

"செத்துட்டான்னு சொல்லிடு."

"மாலை வாங்கிட்டு வீட்டுக்கே வந்துடுவாங்க. நல்ல மனசு அவங்களுக்கு."

"அப்ப டைவர்ஸ்."

"இல்லாதவளையா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வாயைத் திறந்தார். "பேசாம அப்படியே வெச்சுக்கோடா மாப்ள. இருக்கிறவங்களவிட அவ எவ்வளவோ மேல். இத்தன மாசத்துல ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருப்பாளா?"

அக்கா திரும்பிய வேகத்தில் பேப்பர் மறுபடி உயர்ந்துவிட்டது.

நேராகப் போய் உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் வெறும் சிரிப்போடு போயிருக்கும். இப்போது சொன்னால், ஒரு நல்ல மனுஷியை இத்தனை மாதம் முட்டாளாக்கியது ஆகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் சேர்ந்துவிட்டது. பாலிஷ் தேவையில்லாத நாட்களிலும் பிரேக் சாரின் கால் அந்தக் கடைவாசலில் நின்றது. அவருடைய காலுக்கு நிற்பது பழக்கம்தான். ஆனால் நெஞ்சு இப்படிக் குதிப்பது பழக்கமில்லை.

இந்த நிலைமையில்தான் ஃபேன்சி மேடம் சரக்கு எடுக்கத் தானே வேன் ஓட்டிப் போவதாக முடிவு செய்து, டிரைவிங் ஸ்கூலில் வந்து சேர்ந்தார். காலையில் காரின் கதவைத் திறந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"அட, நீங்களா சார் கத்துக்குடுக்கறது? அப்ப வீட்டம்மாவுக்கும் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா?"

கார் இன்னும் கிளம்பவேயில்லை. பிரேக் சார் பிரேக்கை மிதித்தார்.

அந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்வது. மேடம் பயமே இல்லாமல் ஓட்டினார், அதுதான் பயம். கியர் மாற்றும்போது பாடுவார். தெருநாய்க்கு வணக்கம் வைப்பார். மைதானத்தில் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்ட அன்று, அடையாளத்துக்கு வைத்திருந்த டிரம்மில் நேராகப் போய் இடித்தார். டிக்கி கதவில், பிறை நிலா மாதிரி, சரியாகச் சொன்னால் ஒரு பக்கமாகச் சிரிக்கிற வாய் மாதிரி, ஒரு குழி விழுந்தது. மேடம் இறங்கிப் போய் டிரம்மைத் தடவி, "ஸாரிப்பா" என்றார். பிரேக் சார் அந்தக் குழியை ஃபோனில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டார்.

"இன்ஷூரன்சுக்கா சார்?"

"ஆமா."

பொய்க்கு மேல் பொய். ஆனால் இந்தப் பொய் அவருக்கு இனித்தது.

டெஸ்ட் தேதி வந்தது. அதோடு கணக்கும் தெளிவாகிவிட்டது. டெஸ்ட்டில் தேறினால் மேடம் இனி பக்கத்து சீட்டில் இல்லை. கடையிலோ இவர் என்றென்றைக்கும் யாரோ ஒரு பேங்க்காரியின் புருஷன். சொல்வதாக இருந்தால் அன்றைக்குத்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல முடியாது என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே காரைச் சொல்ல வைப்பது என்று முடிவு செய்தார்.

எத்தனையோ கார் செய்திருக்கிறார், இப்படி ஒன்று செய்ததில்லை. வேறு பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை, முழுக்க முழுக்க மேடம் கடைப் பாலிஷ். வெளிர்மஞ்சளைத் தண்ணியாகக் கலக்கி, ஊதுகுழல் மாதிரியான ஏர்பிரஷில் விட்டு, பனி விழுவது போல அடித்தார். பம்பருக்கு ஈரச் சிமெண்ட். சக்கரத்துக்கு நடுவில் வெள்ளி. டயருக்கு அந்தத் தார்க் கறுப்பு. மேலே பளபளப்புக்கு, நகத்துக்குக் கடைசியாகப் பூசுகிற கண்ணாடிப் பூச்சு. டிக்கி கதவில் அந்தச் சிரிக்கிற குழி. குழியை அரத்தால் தேய்க்கும்போது இவர் வாயும் அதே பக்கமாக வளைந்திருந்ததை அக்கா பார்த்துவிட்டுப் போனாள்.

டாஷ்போர்டு ஸ்டிக்கரில்தான் விஷயம். கடுகு அளவு எழுத்து. "பயப்படாதீர்கள்" என்பது வரைக்கும் நிஜக் காரில் உள்ளதுதான். அடுத்த வரியை மாற்றினார். "சாருக்குக் கல்யாணம் ஆகவில்லை."

கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தால் படிக்கலாம். படித்தால் தெரிந்துவிடும். இவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கலாம். திட்டம் என்றால் இதுதான் திட்டம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தத் தலைகால் புரியாமைதான் வேலையைக் கெடுத்தது. கண்ணாடி ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போடவேண்டும், ஃபெவிக்விக் மாதிரி உடனே பிடிக்கும் பசையைக் கிட்டத்திலேயே கொண்டுவரக் கூடாது. அந்தப் பசை காயும்போது கண்ணுக்குத் தெரியாத புகை விடும். மூடின இடத்தில் அந்தப் புகை சுற்றிச் சுற்றிப் போய்க் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். பொடிக் கார் ஆட்களின் ஃபோன் குரூப்பில் ஒரு புது ஆள் இந்தத் தப்பைச் செய்து படம் போட்டபோது, "ஏன் சார், காருக்குள்ள பவுடர் கொட்டிடுச்சா?" என்று எழுதிச் சிரித்தவரே பிரேக் சார்தான். அப்பேர்ப்பட்டவர், டெஸ்ட்டுக்கு முந்தின சாயங்காலம், வாய்க்குள் பாடிக்கொண்டே, கை போன போக்கில் உடனே பிடிக்கும் பசையை எடுத்துக் கண்ணாடியை ஒட்டினார். ஸ்குரூவை முடுக்கினார். பெட்டியில் போட்டு மூடியும் வைத்தார்.

காலையில் பெட்டியைத் திறந்தால், சுற்றிலும் கண்ணாடி பால் நிறம். டாஷ்போர்டும் தெரியவில்லை, ஸ்டிக்கரும் தெரியவில்லை, ஸ்டேப்ளர் பின் பிரேக்கும் தெரியவில்லை. குளியலறைச் சன்னல் மாதிரி இருந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டார்.

அக்கா வந்து பார்த்தாள். "என்னடா இது, உள்ள யாராவது குளிக்கிறாங்களா?"

"எழுதினது தெரியலக்கா."

"அதனால என்ன, வாயால சொல்லு."

"வாயாலயா?"

"பின்ன, ஹாரன் அடிச்சா சொல்லுவாங்க? கெளம்புடா, நேரமாச்சு."

பிரித்துச் சரிசெய்ய நேரம் இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மேடம் டெஸ்ட்டை ஊதித் தள்ளினார். அதிகாரி சொன்ன இடத்தில் நிறுத்தினார், சொன்ன இடத்தில் திரும்பினார், பாடவும் இல்லை. தேறினவர்தான் திரும்பும் வழியில் சாரை வைத்து ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது ஸ்கூல் பழக்கம். பாதி வழியில், மர நிழலாகப் பார்த்து, பிரேக் சார் ஓரமாக நிறுத்தச் சொன்னார். பெட்டியை நீட்டினார்.

மேடம் பெட்டியைத் திறந்தார். காரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். போர்டைப் பார்த்தார், எல் எழுத்தைப் பார்த்தார். டிக்கி கதவைப் பார்த்ததும் கலகலவென்று சிரித்துவிட்டார்.

"என் குழி! சார், இது நான் போட்ட குழி. அப்படியே இருக்கு. டிரம்முகிட்டக் காட்டணும் இத." அப்புறம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கண்ணாடி மட்டும் ஏன் சார் புகையா இருக்கு?"

"பசை. தப்பான பசை போட்டுட்டேன்."

"அவ்வளவுதானே? இருங்க, எங்கிட்ட ரிமூவர் இருக்கு, ஒரு துடை துடைச்சாப் போயிடும்." மேடம் கைப்பையிலிருந்து பஞ்சையும் பாலிஷ் ரிமூவரையும் எடுத்து மூடியைத் திறந்தேவிட்டார்.

"வேண்டாம்" என்று பிரேக் சார் அவர் கையைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு விடத் தெரியவில்லை. "அது பட்டா மொத்தக் காரும் கரைஞ்சுடும்."

"ஏன் கரையணும்?"

"அது பெயிண்ட் இல்ல. பாலிஷ்."

"எந்தப் பாலிஷ்?"

"உங்க கடைப் பாலிஷ்."

மேடம் கையை விடுவித்துக்கொண்டு காரை வெளிச்சத்தில் பிடித்தார். பாலிஷ் விஷயத்தில் அவர் கண் தராசு. "இது ஈரச் சிமெண்ட். இது போன மாசம் வாங்கின வெள்ளி. இது அந்தக் கறுப்பு. ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களான்னு கேட்டேனே." ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல பிரேக் சார், இதோ புரிந்துவிடும், இதோ சொல்லாமலே முடிந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்குக் கொஞ்சமாவது நியாயம் இருக்கா சார்?"

கண்ணைத் திறந்தார்.

"அவங்க ஆசையா வாங்கச் சொன்னத எல்லாம் எடுத்துப் பொம்மைக்குப் பூசியிருக்கீங்க. ஒரு பாட்டிலாவது அந்தம்மா கைக்குப் போய்ச் சேர்ந்துதா? பாவம், சளியோட வீட்ல கெடக்கிறவங்க." மேடம் காரைப் பெட்டியில் பத்திரமாக வைத்தார், பெட்டியை மடியில் வைத்தார், சாவியைத் திருப்பினார். "உங்க வீடு எந்தப் பக்கம்?"

"எதுக்கு மேடம்?"

"நேர்ல போய் அவங்களப் பாத்துப் புதுசா ஒரு செட்டு குடுக்கப் போறேன். பையில சாம்பிள் இருக்கு. எந்தப் பக்கம்னு கேட்டேன்."

வழி தெரியாது என்று சொல்லியிருக்கலாம், தப்பான வழியையாவது காட்டியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த வாய் அது, கேட்டதும் சரியாகத்தான் சொல்லும். "நேராப் போய் இடது" என்றது.

கார் பறந்தது. கோபத்தில் மேடம் இன்னும் நன்றாக ஓட்டினார். "மிரர் பாருங்க" என்றார் இவர். "பாத்துட்டேன்" என்றார் அவர். "இண்டிகேட்டர்." "போட்டாச்சு. உங்ககிட்ட எவ்வளவு பொறுமையா இருக்காங்க அந்தம்மா. நானா இருந்தா நடக்கிறதே வேற." "அடுத்த சந்து வலது." "வீட்ல இருப்பாங்கல்ல?" "மெதுவா, ஸ்பீடு பிரேக்கர்." ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத வீட்டம்மா கிட்டத்தில் வந்துகொண்டே இருந்தார். மருந்துக் கடை போயிற்று. பேக்கரி போயிற்று. தெருமுனையும் போயிற்று. பால்கனியில் அக்காவின் துணிகள் ஆடுவது தெரிந்தது. இனி சொல்லித்தான் ஆகவேண்டும், ரோடு தீர்ந்துவிட்டது.

"மேடம், எனக்கு வீட்டம்மா இல்ல."

கார் நின்றது. குலுங்காமல், கத்தாமல், அவ்வளவு அழகாக நின்றது. பிரேக் சார் குனிந்து பார்த்தார். தன் கால் பெடலில் இல்லை. இரண்டும் சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தன. நிறுத்தினது மேடம்தான்.

"இல்லன்னா?" மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "போயிட்டாங்களா சார்?"

"வரவே இல்ல."

பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

"அப்ப அந்த மாநிறம்?"

"அது எங்க அக்கா."

"பேங்க்?"

"உங்க கடைக்கு எதுத்தாப்ல ஒரு பேங்க் போர்டு இருக்கில்ல. கேட்டப்ப அது கண்ணுல பட்டுச்சு."

"சளி?"

"சளி மட்டும் நெஜம். எனக்குத்தான். பெயிண்ட் புகை."

மேடம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பிரேக் சார் பதறிப்போனார். மேடம் நிமிர்ந்தபோது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"நான் எத்தன நாள் அந்தம்மாவோட மனசுக்குள்ள சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? கறுப்புப் பாலிஷ் போடறவளுக்கு இப்படி ஒரு சாதுவான மனுஷனான்னு. அந்த க்ரீமக்கூடப் பல்லக் கடிச்சுக்கிட்டுதான் குடுத்தேன். கடைசியில பாத்தா ஆளே இல்ல. நான் யார்கிட்ட சார் தோத்துட்டு இருந்தேன்?"

பிரேக் சாருக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் காது ரெண்டும் சூடாகிவிட்டது. ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்து, ஒதுங்கி, தாண்டிப் போனது. தாண்டும்போது ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "வீட்ல போய்ப் பேசுங்கப்பா" என்றார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார் மேடம்.

"சொல்லியிருக்கேன். உள்ள எழுதியிருக்கேன். அதுதான் புகை மறைச்சிடுச்சு."

இவர் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு குட்டி ஸ்குரூ டிரைவர் தொங்கும். பிரேக் சார் பொடிக் காரைக் கவிழ்த்து ஸ்குரூவைக் கழற்றினார். அடித்தட்டு தனியாக வந்தது. சீட்டைத் தூக்கி டாஷ்போர்டைக் காட்டினார். மேடம் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, நிஜக் காரின் டாஷ்போர்டில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். மறுபடி குனிந்து இதைப் படித்தார்.

"நான் எங்க சார் பயந்தேன்? பயந்ததெல்லாம் நீங்கதான்."

"கண்ணாடி வேற மாத்திக் குடுத்துடறேன். நாளைக்கே."

"அதெல்லாம் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேர் உள்ள உக்காந்து இவ்வளவு நேரம் பேசினா கண்ணாடி இப்படித்தான் ஆகும்."

மேலே பால்கனியில் அக்கா. கையில் ஈரத் துணி, உதட்டில் வீட்டம்மாவுக்கு வந்த சாயம். நடுத்தெருவில் நிற்கிற ஸ்கூல் காரை எட்டிப் பார்த்தாள்.

"டேய், சொல்லிட்டியா இல்லையாடா?"

மேடம் சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "மாநிறம்தான்" என்றார் பிரேக் சாரிடம் மெதுவாக. பிறகு சத்தமாக, "சொல்லிட்டாருங்க. க்ரீம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லாருந்துச்சும்மா. தீந்துபோச்சு. மேல வா."

"வண்டிய ஓரமா விட்டுட்டு வரேங்க."

மேடம் ரிவர்ஸ் போட்டார். திரும்பிப் பார்த்தார், மிரர் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் நடுவில் ஒரு தரம் பிரேக் சாரையும் பார்த்துவிட்டார். கார் பின்னால் போனது. இவர் பக்கத்து மிரரில் வீட்டு கேட்டின் தூண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. பிரேக் சார் அதைத் தெளிவாகப் பார்த்தார். வலது கால் பெடலுக்கு மேலே வந்து நின்றது.

பின்பக்கம் இடது மூலையில் இன்னும் இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே ஒரு குழி விழுந்தால், அதைப் பொடிக் காரில் தேய்த்து எடுக்க இன்னொரு வாரம் ஆகும். அதற்குப் பாலிஷ் வேண்டும். பாலிஷ் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

காலை மடக்கிக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.